சனிக்கிழமைக் குளியல்

காலையில் பார்த்தால் நாயின் முதுகெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்.

பதற்றம் அதற்குப் பிறகுதான் வந்தது.

குனிந்து முகர்ந்தாள். நல்லெண்ணெய். கூடவே சீயக்காய்.

நேற்றுத் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போனவள், வேலைக்கு வரும் மயிலாத்தாளிடம் நாயை விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஒரே ஒரு பகல்.

கருப்பட்டி என்று அதற்குப் பெயர் வைத்தது அவள்தான். மெக்சிகோ தேசத்து நாய். மூவாயிரம் வருஷத்துப் பழைய இனம் என்கிறார்கள். உச்சந்தலையில் ஒரு பிடி முடி, மற்றபடி வெறும் தோல். தொட்டால், அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று நேரமான பால் பாத்திரம் போல் இதமான சூடு.

கணவர் போன பிறகு, தனக்கென்று ஓர் உயிர் வேண்டும் என்று வாங்கினாள்.

ஆறு மாதமாகப் படித்துப் படித்துப் பழகிக்கொண்டாள். உச்சி வெயிலில் விடக்கூடாது. மார்கழிக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். சோப்பு ஆகாது. எண்ணெய் ஆகவே ஆகாது. தோலின் துவாரங்கள் அடைத்துக்கொள்ளும். தினமும் குளிர்ந்த களிம்பு, காது மடல் வரைக்கும்.

அத்தனையும் அவள் செய்தாள்.

அது போய்ப் படுத்தது மயிலாத்தாளின் மடியில்.

மயிலாத்தாள் ஒன்றும் படித்துத் தெரிந்துகொண்டவள் இல்லை. முதல் நாள் அதைப் பார்த்ததும், "எந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்டு மொட்டை போட்டதுங்கம்மா இது?" என்று சிரித்தாள். அவ்வளவுதான். பாத்திரம் கழுவினால் அவள் காலடியில். துணி துவைத்தால் வாளிக்குப் பக்கத்தில். அவள் வீட்டுக்குப் போனபின் வாசற்கதவுக்குப் பக்கத்தில்.

வளர்த்தவள் கூப்பிட்டாலும் வரும்.

விருந்தாளி போல வரும்.

மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தாள். பயப்பட ஒன்றுமில்லை, வெதுவெதுப்பான நீரில் கழுவிக் கற்றாழை தடவுங்கள், நாலு நாளில் போய்விடும் என்றார்.

நாலே நாளா என்று இருந்தது அவளுக்கு.

கழுவினாள். கற்றாழையைக் கீறிச் சோற்றைக் கிண்ணத்தில் வழித்து வைத்தாள். விளக்கேற்றினாள். திருநீறு இட்டுக் கைகூப்பி நின்றபோது உதட்டில் வந்தது பாட்டு இல்லை.

நாளையிலிருந்து நீ வர வேண்டாம்.

முருகன் படத்துக்கு முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த வாக்கியத்தை விட மனமில்லை.

ஒன்பது மணிக்கு மயிலாத்தாள் வந்தாள். நாய் பாய்ந்து ஓடியது. சிரித்துக்கொண்டே குனிந்தவள், அதன் முதுகைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன பண்ணினே?"

"எம் பசங்களுக்குத் தேச்சு வுடறாப்டித்தானுங்கம்மா... தோலு காஞ்சு கெடந்துச்சுங்... ஆம்பளப் பயலாச்சேன்னு சனிக்கெழமையாப் பாத்து..."

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இனி நாந் தொடமாட்டனுங்."

நாய்க்குப் புரியவில்லை. முழங்காலில் கால் வைத்து எழும்பிப் பார்த்தது. மயிலாத்தாள் அசையவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது. அங்கே ஒளிந்திருந்த விரல்களைக் கண்டுபிடித்து முகத்தை வைத்துத் தேய்த்தது. விரல்கள் மூடிக்கொண்டன.

மயிலாத்தாள் அதைத் தொடாமல் விலக வேண்டும்; இந்த ஆறு மாதமும் வளர்த்தவள் ஆசைப்பட்டது இதற்குத்தான்.

கிண்ணத்தை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள். நாயை இழுத்து வைத்துக்கொண்டு ஒரு விரல் கற்றாழை தடவினாள். உடம்பு சிலிர்த்து விலகியது. மறுபடி இழுத்தாள். நடுங்கிக்கொண்டே நின்றது. கண் மட்டும் மயிலாத்தாள் மேல்.

வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

நாயின் நடுக்கம் கைக்குத் தெரிந்தது.

"மயிலாத்தா."

"ம்மா."

"எங்கிட்ட நிக்கமாட்டேங்குது. நீ தடவு."

"வேண்டாமுங்... மறுபடி ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

"ஆகாது. மெதுவாத் தடவு."

மயிலாத்தாள் புடவைத் தலைப்பில் கையை மூன்று முறை துடைத்தாள். சப்பணமிட்டு உட்கார்ந்தாள். நாய் ஏறி மடியில் சுருண்டது. ஒரு நீண்ட மூச்சு விட்டது.

பக்கத்தில் ஸ்டூல் இருந்தது. கிண்ணத்தை அதன்மேல் வைத்துவிட்டு அவள் உள்ளே போயிருக்கலாம்.

மயிலாத்தாளின் விரல்களுக்கு எட்டுகிற உயரத்தில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.