உத்தரவாத வட்டி

தம்பி மாரீஸ்வரனுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கச் செண்பகவல்லி கோவில்பட்டி மருத்துவமனைக்குப் போனாள். விரலைக் கைரேகைக் கருவியில் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. "உங்க இன்சூரன்ஸ் கம்பெனி தடை போட்டிருக்கும்மா. நான் கத்தி வைக்க முடியாது," என்றார் டாக்டர்.

அவள் நேராகக் கம்பெனிக்கு ஓடினாள்.

"சந்தை விழுந்தாலும் உங்க பாலிசிப் பணத்துக்குக் குறையாத வட்டி தர்றோம்," என்றார் மேலாளர் கோவர்த்தனன். "அதுக்கு ஈடு உங்க உடம்பு. உங்க ஆயுசு குறைஞ்சா நஷ்டம் எங்களுக்குத்தானேம்மா?"

"வட்டியும் வேண்டாம், அசலும் வேண்டாம். பாலிசியை முடிச்சு விடுங்க."

"முடிக்க ஒரு வருஷம் ஆகும். சம்மதிச்சுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

மாரீஸ்வரன் அந்த மாதத்தைக்கூடத் தாண்டவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோவர்த்தனன் மாலையோடு வந்தார். "மனசத் தேத்திக்கோங்கம்மா. இந்த வருஷ வட்டி உங்க கணக்குல ஏறிடுச்சு," என்று தணிந்த குரலில் சொன்னார்.

செண்பகவல்லி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவந்து, தம்பியின் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"என்கிட்ட எதுக்குய்யா சொல்ற? அவன்கிட்டச் சொல்லு. சத்தமாச் சொல்லு!"