திருத்திய டிஸ்க்

“எவன்டா வித்தது?”

திலகம் மேசையை ஓங்கி அறைந்தாள். ஞாயிறுதோறும் மலேசியாவின் ரவாங்கில் அவள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் பழக வரும் நான்கு பேரும் அவள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

தோட்டத் தொழிலாளர்களின் சம்பளக் கணக்கைப் போடும் புரோகிராம் அது. மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் எழுதியது. “படிங்க, கத்துக்குங்க. விக்க மட்டும் கூடாது” என்று நால்வருக்கும் சும்மாதான் கொடுத்தாள். நேற்று ஒரு தோட்டத்து ஆபீசில் அது ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெயர் இருந்த வரியை மட்டும் காணோம். காசு கொடுத்து வாங்கியதாக அங்கே கணக்கெழுதும் கிராணி பெருமையாகச் சொன்னார்.

“ஜூலியஸைக் கேளுங்கக்கா. புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கான் லா” என்றான் நால்வரில் ஒருவனான சேது.

அவளுக்கும் அவன்மேல்தான் சந்தேகம். நான்காமவனான ஜூலியஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வித்தவன் நாசமாப் போகட்டும். அதுல ஓவர்டைம் கணக்கு தப்பு. எல்லாருக்கும் டபுள் சம்பளம் போட்டுடும். நாளைக்குச் சம்பள நாள். மானேஜர் அவன் தோலை உரிக்கட்டும்!” என்றாள் திலகம்.

சேதுதான் முதலில் எழுந்தான். “அக்கா, திருத்தின டிஸ்க் ஒண்ணு கொடுங்கக்கா.”

“எனக்கும்க்கா” என்றான் அடுத்தவன்.

“எனக்கு மூணு” என்றான் மூன்றாமவன்.

“உங்கள்ல எவனுக்குடா தோட்டம் இருக்கு?” என்றாள் திலகம்.

மூவரும் நின்ற இடத்திலேயே விறைத்துப்போனார்கள்.

ஜூலியஸ் மட்டும் உட்கார்ந்தபடியே திரும்பினான்.

“எந்த வரியிலக்கா தப்பு? நான் ஒவ்வொரு வரியாப் படிச்சுப் பார்த்துட்டேன். ஒரு தப்பும் இல்லையே!”