ஒரு இடத்தில் மாற்றினால் போதும்

“இன்னைக்கு என் நம்பரை அதுலேருந்து எடுக்கலைன்னா, நான் எங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவேன். பார்த்துக்குங்க!”

கணவன் முன் தட்டை ணங்கென்று வைத்தாள்.

அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் அவன் மெக்கானிக். ஆட்களின் விவரங்களை அவரவரே எழுதி வைக்க, ஃபேக்டரிக்கு ஒரு விக்கி தளமும் அவன்தான் அமைத்திருந்தான். ஆளுக்கொரு பக்கம், பக்கத்துக்குப் பத்துக் கட்டங்கள். அந்தக் கட்டப் பைத்தியத்தால் அவனுக்கு ‘கட்டம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. மாதிரிக்கு முதலில் தன் பக்கத்தை நிரப்பி வைத்தான்; மற்றவர்கள் தங்கள் விவரத்தைப் போடும்வரை அதில் இருப்பதே எல்லாப் பக்கத்திலும் தெரியும். ‘அவசரத்துக்கு அழைக்க’ என்ற கட்டத்தில் மனைவியின் நம்பர். சோம்பேறிகள் யாரும் தங்கள் நம்பரைப் போடவில்லை. அத்தனை பக்கத்திலும் இவள் நம்பரே உட்கார்ந்துகொண்டது.

“பேக்கிங் ஆள் விரலை வெட்டிக்கிட்டா எனக்கு போன். வாட்ச்மேன் மயங்கி விழுந்தா எனக்கு போன். நேத்து, ‘உங்க வீட்டுக்காரருக்கு அடிபட்டுடுச்சு’ன்னாங்க. செருப்புகூடப் போடாம ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்க லாரி டிரைவர் கட்டுப் போட்டுக்கிட்டு, ‘நீங்க யாரும்மா?’ன்னு என்னையே கேக்குறார். ஃபேக்டரியில பாதிப் பேருக்கு நான்தான் சம்சாரமா?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதீங்க! உயிர் போயிட்டு வந்துச்சு எனக்கு.”

“சரி, சரி. அழாத. அவனவன் நம்பரை அவனவனே போட்டுக்கட்டும்.” போனை எடுத்து நாலு தட்டுத் தட்டினான். “முடிஞ்சுது. ஒரு இடத்துல எடுத்தா போதும், எல்லாப் பக்கத்துலேருந்தும் போயிடும். அதுதான் இதோட அழகே.”

“பெரிய அழகு!” என்றாள். ஆனாலும் இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள்.

அதன்பிறகு ஒன்பது நாளாக ஃபேக்டரியிலிருந்து ஒரு போன் இல்லை. பத்தாம் நாளும் அப்படித்தான். மதியம் நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டாள். சாயங்காலம் எழுந்து, அவன் வருகிற நேரத்துக்குக் காபிக்குப் பால் வைத்தாள்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் அந்த லாரி டிரைவர், கையில் கணவனின் சாப்பாட்டுப் பை.

“அண்ணி... காலையில பதினோரு மணிக்கு அண்ணன் ஏணியிலேருந்து விழுந்துட்டார். போனும் நொறுங்கிப் போச்சு. எப்பவும் ஆபீஸ் லேண்ட்லைன்லேருந்துதான் உங்களைக் கூப்பிடுவாங்க, உங்க நம்பர் யார்கிட்டயும் இல்ல. ஆபீஸ்ல இருந்த பழைய வீட்டு விலாசத்துக்குப் போய், அங்க இங்க விசாரிச்சு, இப்பதான் இந்த வீட்டைக் கண்டுபிடிச்சேன்.”

“எந்த ஆஸ்பத்திரி?” அவள் செருப்பைத் தேடினாள்.

டிரைவர் வழியைவிட்டு நகரவில்லை.

“ரெண்டு மணி வரைக்கும் உயிர் இருந்துச்சு அண்ணி. யாருக்குச் சொல்றதுன்னுதான் தெரியல. விக்கியில அவர் பக்கத்துலயும் அந்த அவசர நம்பர் கட்டம் காலியா இருந்துச்சு.”