பத்தாவது கட்டுரை

“மாமா, இதோடை ஒன்பது வந்திட்டுது. இன்னும் ஒண்டுதான்” என்றாள் நிமலினி, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

தியாகலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தங்கை மகளின் வீட்டு விறாந்தையில் காலையிலிருந்து நடந்துகொண்டே இருந்தார்.

முப்பது வருடமாக அவர் ஒஸ்திரியாக்காரர். ஜேர்மன் மொழியில் நான்கு நாவல்கள் எழுதியவர். ஊரில் தனக்கு எப்பேர்ப்பட்ட மதிப்பென்று வியன்னாவில் அவர் அளந்துவிட்டது கொஞ்சநஞ்சமல்ல. ஐந்தாவது நாவலோடு போனபோது பதிப்பாளர் அதையே பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்து எழுத்தாளர் பத்துப்பேர் உம்மைப்பற்றி எழுதிய கட்டுரைகளைக் காட்டும். வெள்ளிக்கிழமை இலங்கை நேரம் மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் நாவல் இல்லை என்றுவிட்டார். இன்று வெள்ளிக்கிழமை.

அறுபதாவது பிறந்தநாள் மலருக்கு என்று நான்கு மாதத்துக்கு முன்பே எல்லோரையும் கேட்டிருந்தார். ஒருவரும் அசையவில்லை. ஒருவருக்கு முதுகுவலி, இன்னொருவருக்கு மகளின் கலியாணம். பொறுத்துப் பார்த்தவர், யாருக்கும் சொல்லாமல் திங்கட்கிழமை யாழ்ப்பாணம் வந்திறங்கினார். மறுநாளே நிமலினியைக் கொண்டு வட்ஸ்அப்பில் புதிதாய் ஓர் அறிவித்தல் அனுப்பினார். கனக்க எழுதினால் யார் வாசிக்கப்போகிறார்கள்? தன்னுடைய கறுப்பு வெள்ளைப் படம், பெயர், ஞாயிறு காலை கீரிமலையில் மலர் வெளியீடு, மதிய போசனம், கட்டுரைகளை உடன் அனுப்பவும். அவ்வளவுதான். மூன்று நாளில் ஒன்பது கட்டுரை வந்து குவிந்துவிட்டது.

நேர்மையாளர், யாரையும் மனம் நோகப் பேசாதவர், தமிழை ஐரோப்பாவில் நிமிர்த்தியவர் என்று ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு புகழ்ந்திருந்தார்கள். ஒருமுறை மேடையில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்ட செபநாயகம்கூட ஆறு பக்கம் உருகியிருந்தார். தியாகலிங்கம் அதை இரண்டுமுறை வாசித்தார். இவ்வளவு அன்பையும் மனதில் பூட்டிவைத்துக்கொண்டா இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்தார்கள்?

மிச்சம் சீவரத்தினம் ஒருவர்தான். இளமையில் இருவரும் ஒரே சஞ்சிகையில் எழுதியவர்கள். பிறகு முறைத்துக்கொண்டு, இருபத்தைந்து வருடமாகப் பேச்சில்லை. பதிப்பாளருக்காக மட்டுமல்ல, அந்த மனிதன் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டும் என்று உள்ளுக்குள் தவித்தார்.

மூன்று மணிக்கு நிமலினி தேத்தண்ணி போட உள்ளே போயிருந்தபோது அவளுடைய தொலைபேசி அடித்தது. ஓடிப்போய் எடுத்தார்.

“நான் சீவரத்தினம் கதைக்கிறன். தியாகலிங்கத்தின்ரை மகனோ?” மறுமுனையில் குரல் தழுதழுத்தது. “தம்பி, கொப்பரின்ரை எழுத்துக்குக் கிட்டவும் எங்களாலை நிக்கேலாது. அவர் உயிரோடை இருக்கேக்கை அதைச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை. செத்தவைக்குக் கிரியை செய்யிற கீரிமலை எண்டு அறிவித்தலிலை பாத்தாப்பிறகுதான் அவற்றை அந்தியேட்டி எண்டு விளங்கினது. நினைவு மலருக்கு இனி எழுதித் தந்தால் எடுப்பியளோ?”

தியாகலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

“ஓம் ஐயா” என்றார், குரலை இளசாக்கிக்கொண்டு. “அஞ்சு மணிக்குள்ளை அனுப்பிவிடுங்கோ. அப்பாவின்ரை ஆத்மா சாந்தியடையும்.”