இழுத்து வைத்த காற்று

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போதுதான் ரெஜினாவின் கணவர் சரிந்து இறந்தார். அவர் மேலே இழுத்த கைப்பிடியோடு நின்ற பம்பின் வாயை அவள் மெழுகால் அடைத்துவிட்டாள். தினமும் விடிந்ததும் கைப்பிடியை ஒரே மூச்சில் அழுத்துவாள். மெல்ல அழுத்தினால் சூடு நழுவிவிடும். போக்கிடமில்லாத காற்று, தீயும் வெயிலும் இல்லாமலே சுடும்.

"யாருக்குக்கா காத்து அடிக்கிய?" என்றாள் பக்கத்து வீட்டு அமலி.

"அடிக்கல. இது அவரு இழுத்து வச்ச காத்து. தொட்டுப் பாரு."

யாரோ இப்போதுதான் பிடித்துவிட்டுப் போனதுபோல் பம்பின் அடி வெதுவெதுப்பாக இருந்தது. ரெஜினா அழுத்தத்தைத் தளர்த்தினாள். கைப்பிடி தானாக எழுந்து அவள் உள்ளங்கையை மேலே தள்ளியது. நேற்றைவிடத் தாழ்வாக நின்றுவிட்டது. அவள் மெழுகடைத்த வாயில் விரலை வைத்துக் கசிவைத் தேடினாள்.

"பம்புக்குள்ள தோல் வாசர் காஞ்சிருக்குக்கா, அதான் காத்து கசியுது. எண்ணெ போட்டா நிக்கும்" என்று வீட்டுக்கு ஓடிய அமலி, தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஏந்தி, ஒரு துளியும் சிந்தாமல் நடந்து வந்தாள்.