நல்லாத் தூங்குறேன், மேடம்

"தூக்கமெல்லாம் எப்படி இருக்கு, டெல்லா?"

"படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன், மேடம்" என்றாள் டெல்லா. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே, கூடவே ஒரு சோம்பலும் முறித்துக்கொண்டாள்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மலைப்பகுதியில் உள்ள அந்தத் தேசியப் பூங்காவில் டெல்லா கோடைக்கால ரேஞ்சர். பனி உருகினால் வா என்பார்கள், பனி விழுந்தால் போ என்பார்கள். வேலை முடிகிற அன்றே தங்கும் அறையும் மருத்துவக் காப்பீடும் சேர்ந்து முடிந்துவிடும். அடுத்த கோடைவரை அவளுடைய பழைய கார்தான் வீடு. ரேஞ்சருக்குச் சூரிய அஸ்தமனமே பாதிச் சம்பளம் என்று அதிகாரிகள் பெருமையாகச் சொல்வார்கள். பெட்ரோல் பங்கில்தான் அதை வாங்கிக்கொள்ள மறுக்கிறார்கள்.

எதிரே இருந்த திருமதி வின்ஸ்லோ, தலைமை அலுவலகம் அனுப்பிய மனநல ஆலோசகர். கோடைக்கால ரேஞ்சர்களை ஒவ்வொருவராகத் தனியே அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். மனம்விட்டுப் பேசலாம், வெளியே போகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

போன வருடம் வேறொருவர் வந்து இதையேதான் சொன்னார். அதை நம்பி, ராத்திரியெல்லாம் அழுகிறேன் என்று மனம்விட்டுப் பேசினான் கர்ட். இந்தக் கோடைக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து பூங்காவில் எல்லோருக்கும் மனநலம் அமோகமாக இருக்கிறது.

"ஜூலையில ஆத்துல அடிச்சுட்டுப் போய்ச் செத்த அந்தப் பையனை நீங்கதானே கண்டெடுத்தீங்க?"

"வேலைதானே, மேடம்."

குரல் நடுங்கவில்லை. டெல்லா தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். கண்ணை மூடினால் அந்தத் தாயின் அலறல் இன்றும் கேட்கிறது. அவன் உடலைக் கரையேற்றிய மறுநாளே டெல்லாவை மேய்ச்சல் வெளியில் நிறுத்தினார்கள். காட்டெருமையின் தோளில் கை போட்டுப் படம் எடுக்க வருகிறவர்களை விரட்டும் மகத்தான பணி. அங்கே நின்றபடியே அழுதாள். வெயிலில் கண் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தாள். வலித்தது உண்மைதான். ஆனால் அடுத்த கோடைக்குக் கூப்பிடாமல் போனால்? அந்தப் பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

வின்ஸ்லோ தன் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டார். "உண்மையைச் சொன்னா நல்லதுதான்ம்மா நடக்கும்" என்றார்.

பேச்சைப் பதிவு செய்யப் பைக்குள் இன்னொரு கைப்பேசி இருக்கும் என்று டெல்லா முடிவு செய்தாள். வின்ஸ்லோ காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். ஒன்றை உருவி மூக்கைத் தொட்டால் கதை முடிந்தது. டெல்லா அதைத் தொடவே இல்லை.

குளிர்காலத்துக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டார். நெவாடாவில் தோழி இருக்கிறாள், ஒரே கொண்டாட்டம்தான் என்றாள் டெல்லா. அந்தத் தோழி இவள் அழைப்பை எடுத்தே வெகுகாலம் ஆகிறது.

"இனி முடியாதுன்னு ஒரு தடவைகூடத் தோணினதே இல்லையா?" வின்ஸ்லோவின் குரலில் கெஞ்சல் இருந்தது.

கில்லாடி, என்னமாய் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் டெல்லா. "இவ்ளோ அழகான இடத்துல இருந்துட்டு எப்படி மேடம் தோணும்?"

வின்ஸ்லோ பெருமூச்சு விட்டார். கோட்டுப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இங்கேயே ஒரு வீடு. ஹீட்டர் இருக்கு. பனிக்காலம் முழுக்கச் சம்பளம், வைத்தியம், கோடையில திரும்ப வேலை. கர்ட்டை விட்ட மாதிரி இன்னொருத்தரை விட்டுடக் கூடாதுன்னு சண்டை போட்டு வாங்கினேன். முடியலைன்னு சொல்ற ஒருத்தருக்குத்தான் கொடுக்கலாம். எல்லாரையும் பாத்துட்டேன், நீங்கதான் கடைசி. உங்களுக்குத் தெரிஞ்சு யாருக்காவது இது தேவைப்படுமா, டெல்லா?"

"இங்க யாருக்கும் ஒரு குறையும் இல்ல, மேடம்" என்றது டெல்லாவின் வாய், அவளைக் கேட்காமலே.