தாராவியில் பனி

தாராவிச் சந்தின் தகரக் கூரைகள் மேல் மார்ச் மாத வெயில் கொதிக்கிறது. கொடியில் தொங்கும் மகன் சைஃபின் நீலச் சட்டையைப் பிடித்தபடி நிற்கிறாள் அக்தர் பானு. பட்டறையின் தோல் பைகளை ஏற்றிக்கொண்டு இமயமலைப் பக்கம் போன அவன் வண்டி, பனிச்சரிவில் புதைந்து ஒரு வாரமாகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் காலையில் வெயில் அடித்தால் மதியம் மழை, பொழுது சாய்ந்தால் பனி. பனி கொட்டினால் தோண்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். தோண்டாதவரை அவளுக்கு மகன் இருக்கிறான். ஃபோனில் அங்கே மழை, பனி என்று காட்டும்போதெல்லாம் இங்கே கொடியிலிருந்து சட்டையை ஈரத்தோடு எடுத்துவிடுகிறாள். ஈர வாடை அடித்ததும் மறுபடி அலசிக் காயப்போடுகிறாள். அது இன்னும் காயவே இல்லை.

“ஏட்டி சஃப்ரீன், அங்க இப்ப எப்படி இருக்கு?”

வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் மகள் ஃபோனைப் பார்க்கிறாள். திரையில் மஞ்சள் சூரியன். நாளைக்கும் சூரியன், அதற்கடுத்த நாளும் சூரியன். கட்டைவிரலால் அதை மறைத்துக்கொள்கிறாள்.

“பனிதான் உம்மா. நல்லா கொட்டுது.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

சுள்ளென்ற வெயிலில், தண்ணீர் சொட்டும் சட்டையை உருவி, நனைந்துவிடாமல் முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே ஓடுகிறாள் அக்தர் பானு.